விளையாட்டுப் பயிற்சிக்குப் போகும் பிள்ளையைப் பாதுகாப்பது எப்படி: பெற்றோருக்கும் கிளப் நடத்துபவர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

பிள்ளையை ஒரு பயிற்சி மையத்தில் சேர்க்கும்போது என்னவெல்லாம் கேட்கிறோம்? கட்டணம் எவ்வளவு, வாரத்தில் எத்தனை நாள், இந்த கோச்சிடம் பழகிய யாராவது தேசிய அணிக்குப் போயிருக்கிறார்களா. வெளியூர்ப் போட்டிக்குப் போனால் யார் எந்த அறையில் தங்குவார்கள், உடைமாற்றும் அறைக்குள் எந்தப் பெரியவர் போகலாம், கோச் மீதே புகார் வந்தால் யார் விசாரிப்பார்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வாரோ, பிள்ளையை ஒதுக்கிவிடுவாரோ என்ற தயக்கம்தான் காரணம்.

அந்தத் தயக்கத்தை விட்டுவிடுங்கள். விளையாட்டு பிள்ளைகளுக்கு உடலுறுதியையும் நண்பர்களையும் தன்னம்பிக்கையையும் தருகிறது. பெரும்பாலான கோச்சுகள் நல்லவர்கள், பலர் தங்கள் குடும்ப நேரத்தைக் கொடுத்து உழைப்பவர்கள். ஆனாலும் பிள்ளையின் பாதுகாப்பை ஒருவர் நல்லவர் என்ற நம்பிக்கையின் மேல் மட்டும் நிறுத்தி வைக்கக் கூடாது. யாராக இருந்தாலும் பொருந்துகிற விதி வேண்டும். நல்ல கோச்சுக்கு அந்த விதி பாரமாக இருக்காது. வீண்பழி வராமல் அவரையும் அது காக்கும்.

அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசரை ஊரே நம்பியது. ஆனால் சிகிச்சை என்ற பெயரில் அவர் சிறுமிகளைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கி வந்தார். 1997-லேயே தாங்கள் வாய்திறந்து சொன்னதாகவும், யாரும் கேட்கவில்லை என்றும் பாதிக்கப்பட்டவர்கள் பின்னால் கூறினார்கள். 2016 செப்டம்பரில் ரேச்சல் டென்ஹாலண்டர் என்ற முன்னாள் வீராங்கனை பத்திரிகையில் வெளிப்படையாகப் பேசிய பிறகே கட்டு உடைந்தது. 2018 ஜனவரியில் 150-க்கும் மேற்பட்டவர்கள் நீதிமன்றத்தில் வாக்குமூலம் தந்தார்கள். நாசருக்கு 40 முதல் 175 ஆண்டுகள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பெற்றோர் மனதில் நிறுத்த வேண்டிய செய்தி இதில் ஒன்று உண்டு. சில நேரங்களில் சிறுமியின் தாய் அதே அறையில் இருந்தபோதே அது நடந்தது. அவர் பார்வையை மறைக்கும்படி நாசர் நின்றுகொண்டார். சிகிச்சை என்ற பெயர் மற்றதையெல்லாம் மூடிவிட்டது.

முதல் படி: எதுவெல்லாம் தீங்கு என்று தெரிந்துகொள்வது

பாதுகாப்பு என்றதும் பலருக்கும் பாலியல் வன்முறை மட்டுமே நினைவுக்கு வருகிறது. அது மிகக் கொடியது, சந்தேகமே இல்லை. ஆனால் தினசரி மைதானத்தில் கண்ணெதிரே நடக்கும் தீங்குகள் வேறு பல இருக்கின்றன. அவை ‘கண்டிப்பு’ என்ற பெயரில் தப்பித்துக்கொள்கின்றன.

அடிப்பது, கிள்ளுவது, வலி தாங்காமல் அழும் பிள்ளையின் காலை மேலும் அழுத்தி ஸ்ட்ரெச்சிங் செய்வது உடல்ரீதியான தீங்கு. தோற்றதற்குத் தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவதும் இதில் சேரும். எல்லோர் முன்னாலும் எடை பார்த்துக் கிண்டல் செய்வது, ‘நீ எதற்கும் லாயக்கில்லை’ என்று தினமும் சொல்வது, ஒரு தோல்விக்காக வாரக்கணக்கில் முகம்கொடுத்துப் பேசாமல் இருப்பது மனரீதியான தீங்கு. தண்ணீர் குடிக்கவும் கழிப்பறை போகவும் விடாமல் இருப்பது, காயத்தோடு விளையாட வைப்பது, வெயிலில் மயங்கும் அளவுக்குப் பயிற்சி கொடுப்பது அலட்சியத்தால் வரும் தீங்கு. மூத்த வீரர்கள் புதிதாக வந்த பிள்ளைகளை ராகிங் செய்வதும் இதே பட்டியல்தான். கோச் பார்த்தும் பாராமல் போனால் அவருக்கும் அதில் பங்கு உண்டு.

இவை எவ்வளவு பரவலாக இருக்க முடியும் என்பதை பிரிட்டன் ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றி 2022-ல் வெளியான வைட் விசாரணை அறிக்கை காட்டியது. 400-க்கும் மேற்பட்டோர் அந்த விசாரணைக்குத் தங்கள் அனுபவத்தைத் தெரிவித்தார்கள். அவற்றில் 40 சதவீதத்துக்கும் மேல் உடல்ரீதியான கொடுமையைப் பற்றியும், பாதிக்கு மேல் மனரீதியான கொடுமையைப் பற்றியும் பேசின. உணவையும் தண்ணீரையும் கழிப்பறையையும் மறுத்தது, காயத்தோடு பயிற்சி செய்ய வைத்தது எல்லாம் அதில் வருகின்றன. பதக்கம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு அமைப்பில் நடந்தவை இவை.

அப்படியானால் கண்டிப்பே கூடாதா? கூடும். கடினமான பயிற்சி தரும் கோச் ஆட்டத்தில் உள்ள தவறைச் சொல்வார், அதைத் திருத்தும் வழியையும் சொல்வார். பிள்ளை ‘வலிக்குது சார்’ என்றால் நிறுத்துவார். பெற்றோர் ஓரமாக நின்று பார்த்தாலும் அவர் நடந்துகொள்ளும் விதம் மாறாது. நான் முக்கியமாகக் கருதும் அடையாளம் இந்தக் கடைசி ஒன்றுதான். நீங்கள் இருக்கும்போது ஒரு முகம், இல்லாதபோது வேறு முகம் என்று பிள்ளை சொன்னால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சில பிள்ளைகளுக்குத் தீங்கு வருவது பெற்றோரிடமிருந்தே. கோட்டுக்கு வெளியே நின்று கத்துவது, தோற்ற அன்று வண்டியில் வீடு வரும்வரை திட்டிக்கொண்டே வருவது, ‘உனக்காக எவ்வளவு செலவு செய்தேன் தெரியுமா’ என்று கணக்குக் காட்டுவது. இப்படி வளரும் பிள்ளை நாளைக்கு கோச் தவறாக நடந்தால் வீட்டில் சொல்லாது. சொன்னால் விளையாட்டு போய்விடும், அப்பா அம்மாவின் ஆசை போய்விடும் என்றுதான் நினைக்கும்.

இரண்டாம் படி: சேர்ப்பதற்கு முன் விசாரிப்பது

நேரில் போய்க் கேளுங்கள். பிள்ளைகளோடு பழகும் எல்லோருடைய பின்னணியையும் சரிபார்த்தார்களா? கோச்சை மட்டும் சொல்லவில்லை. உதவியாளர், பிசியோ, வண்டி ஓட்டுபவர், தன்னார்வலர் வரைக்கும். முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரித்தார்களா? ஒரு இடத்தில் புகார் எழுந்ததும் ஓசைப்படாமல் விலகி அடுத்த இடத்தில் சேர்ந்துகொள்வது இந்தத் துறையில் பழைய உத்தி. காவல்துறைச் சான்றிதழில் அது தெரியாது. பழைய இடத்துக்கு ஒரு போன் போட்டால் தெரியலாம்.

குழந்தைப் பாதுகாப்புக்கென்று பொறுப்பாளர் ஒருவர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். அவர் கோச்சின் மனைவியாகவோ தம்பியாகவோ இருந்தால் அந்தப் பதவி இருந்தும் பயனில்லை. விதிகள் எழுத்தில் இருக்கின்றனவா, ஒரு நகல் கிடைக்குமா? ‘நாங்கள் ஒரு குடும்பம் மாதிரி, இதெல்லாம் எழுதி வைப்பதில்லை’ என்ற பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

அப்புறம் ஒரு முழுப் பயிற்சியை உட்கார்ந்து பாருங்கள். பெற்றோர் பார்க்கவே கூடாது என்று ஒரு மையம் தடை போட்டால், எத்தனை பதக்கம் வாங்கிய கோச்சாக இருந்தாலும் அங்கே பிள்ளையை விடாதீர்கள். கவனம் சிதறும் என்பது நியாயமான கவலை. அதற்குத் தீர்வாகக் கண்ணாடித் தடுப்பு வைக்கலாம், தள்ளி உட்காரச் சொல்லலாம். கதவைச் சாத்த வேண்டிய அவசியமில்லை.

மூன்றாம் படி: தனிமையைத் தவிர்க்கும் விதிகள்

விளையாட்டில் நடக்கும் கொடுமைகளைத் தடுக்க அமெரிக்காவில் 2017-ல் தொடங்கப்பட்ட சேஃப்ஸ்போர்ட் மையம் ஒரு எளிய அளவுகோல் வைத்திருக்கிறது. பெரியவர் ஒருவர் பிள்ளையோடு இருக்கும் எந்த நேரமும் மற்றவர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும், யாரும் குறுக்கே வரும்படியும் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் மற்ற விதிகளெல்லாம் தானாக வந்துவிடும்.

தனிப் பயிற்சி வேண்டுமா, தாராளமாகக் கொடுக்கட்டும். மற்றவர்கள் நடமாடும் மைதானத்தில், பெற்றோருக்குத் தெரிந்த நேரத்தில் கொடுக்கட்டும். பேச வேண்டும் என்றால் அறைக்கதவு திறந்திருக்கட்டும். போட்டிக்குப் போகும்போது ஒரு பிள்ளையை மட்டும் தனியாகத் தன் வண்டியில் கோச் ஏற்றிக்கொள்ளக் கூடாது. மழை பெய்கிறது, நேரமாகிவிட்டது என்ற நிலைமை நிச்சயம் வரும். அப்போது என்ன செய்வது என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியூர்ப் பயணம்தான் மிகவும் கவனிக்க வேண்டிய இடம். பெரியவரும் பிள்ளையும் ஒரே அறையில் தூங்கக் கூடாது. இதற்கு விதிவிலக்கு சொந்தப் பெற்றோருக்கு மட்டும்தான். பணம் மிச்சம் என்ற காரணத்தை ஏற்காதீர்கள். பெண் பிள்ளைகள் போகும் அணியோடு ஒரு பெண் பொறுப்பாளராவது போக வேண்டும். யார் எந்த அறை என்ற பட்டியல் கிளம்புவதற்கு முன்பே பெற்றோர் கையில் இருக்க வேண்டும். ‘வீடியோ பார்த்து ஆட்டத்தை அலசுவோம், என் ரூமுக்கு வா’ என்பதற்கு இடமே கிடையாது. ஹோட்டல் வரவேற்பறையில் உட்கார்ந்தும் வீடியோ பார்க்கலாம்.

உடைமாற்றும் அறையில் பிள்ளைகள் மாற்றும்போது பெரியவர்கள் மாற்றக் கூடாது, குளிக்கக் கூடாது. அங்கே போன் எடுக்கவே கூடாது. இது பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். சக பிள்ளை விளையாட்டாக எடுத்த படம் ஒரு குழந்தையின் வாழ்க்கையையே புரட்டிப்போட்டுவிடும்.

வாட்ஸ்அப்பில் பயிற்சி நேரம், போட்டி விவரம் எல்லாம் பெற்றோரும் இருக்கும் குழுவில் வரட்டும். கோச்சிடமிருந்து பிள்ளைக்குத் தனியாகச் செய்தி வருவதும், குறிப்பாக இரவில் வருவதும், படித்ததும் மறையும்படி அனுப்பப்படுவதும் உடனே கேள்வி கேட்க வேண்டியவை.

தொடாமல் நீச்சலோ ஜிம்னாஸ்டிக்ஸோ மல்யுத்தமோ கற்றுத்தர முடியாது என்பது உண்மை. ஆகவே விதி இப்படி இருக்கட்டும்: எங்கே, எதற்காகத் தொடப்போகிறேன் என்று முதலில் சொல்ல வேண்டும், ‘சரியா?’ என்று கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் வேறு வழியில் காட்ட வேண்டும். பிசியோ, மசாஜ் எதுவானாலும் இன்னொரு பெரியவர் அருகில் இருந்து கையைப் பார்க்கும்படி இருக்க வேண்டும். நாசர் வழக்குக்குப் பிறகு இதில் சமரசத்துக்கே இடமில்லை.

நான்காம் படி: வலை எப்படி விரிக்கப்படுகிறது என்று புரிந்துகொள்வது

பிள்ளைகளைச் சீரழிப்பவர் முரடராக வருவது அபூர்வம். முதலில் வசப்படுத்துவது பெற்றோரைத்தான். ‘உங்கள் மகனிடம் ஏதோ ஒன்று இருக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்பார். கட்டணம் குறைப்பார், வீட்டுக்குச் சாப்பிட வருவார், அவசரத்துக்கு உதவுவார். வீட்டில் பணக்கஷ்டமோ சண்டையோ இருந்தால், அப்பா தூரத்தில் வேலையில் இருந்தால், அந்த இடத்தை மெதுவாக நிரப்புவார். பிள்ளைக்கு ஷூ, பேட், போன் என்று பரிசுகள் வரும். ‘மற்றவர்களிடம் சொல்லாதே, பொறாமைப்படுவார்கள்’ என்பார். அங்கேதான் முதல் ரகசியம் தொடங்குகிறது. சின்ன ரகசியத்தைப் பிள்ளை காப்பாற்றுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைப்பார். தற்செயல் போல ஒரு தொடுதல், ஒரு ஆபாச ஜோக். பிள்ளை விலகினால் அணியில் இடம் போகும், நெருங்கினால் கேப்டன் பதவி வரும்.

ஆண் பிள்ளைக்கு இது நடக்காது என்று நினைக்காதீர்கள். 2016 நவம்பரில் முன்னாள் கால்பந்து வீரர் ஆன்டி உட்வர்ட் தன் சிறுவயதில் நடந்ததை வெளியே சொன்னதும், இங்கிலாந்தில் ஏராளமான ஆண்கள் தங்களுக்கும் நடந்ததாக முன்வந்தார்கள். அவருடைய கோச் பாரி பென்னெல் 2018-ல் 31 ஆண்டு தண்டனை பெற்றார். பல பத்தாண்டுகள் அந்த ஆண்கள் யாரிடமும் சொல்லவில்லை.

‘பதினாறு வயது ஆயிற்று, இருவரும் விரும்பித்தான்’ என்ற பேச்சையும் ஏற்காதீர்கள். அணியில் இடமா இல்லையா என்று முடிவு செய்பவரிடம் அந்தப் பிள்ளையால் சுதந்திரமாக ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தும் வேல்ஸும் 2022-ல் சட்டத்தைத் திருத்தி, தங்களிடம் பயிலும் 16, 17 வயதுப் பிள்ளைகளோடு கோச்சுகள் பாலுறவு கொள்வதைக் குற்றமாக்கியது இதனால்தான்.

ஐந்தாம் படி: பிள்ளையோடு பேசி வைப்பது

ஒரே நாளில் உட்காரவைத்துப் பாடம் எடுக்க வேண்டாம். பயிற்சி முடிந்து வரும் வழியில் இரண்டு நிமிடம் போதும். ‘ஜெயிச்சியா?’ என்பதற்கு முன்னால் வேறு ஒன்றைக் கேளுங்கள்.

“இன்னைக்கு எது பிடிச்சிருந்தது?”
“ரிலே ஓடினோம்ப்பா. ஜாலியா இருந்தது.”
“எது பிடிக்கல?”
“கார்த்திக்க எல்லார் முன்னாடியும் குண்டன்னு சொன்னார் சார்.”
“அப்போ உனக்கு எப்படி இருந்தது?”

இந்த இடத்தில் ‘அதெல்லாம் சும்மா விளையாட்டுக்குச் சொல்லியிருப்பார்’ என்று முடித்துவிட்டால், அடுத்த தடவை பிள்ளை அந்த விஷயத்தையே எடுக்காது. சின்ன விஷயத்துக்குக் காது கொடுத்தால்தான் பெரிய விஷயம் வந்து சேரும்.

உடல் உறுப்புகளின் பெயரைச் சரியாகச் சொல்லிக் கொடுங்கள். பிறந்தநாள் பரிசு போல ஒருநாள் வெளியே தெரிந்துவிடுகிற ரகசியம் சரி, என்றைக்கும் சொல்லவே கூடாது என்று ஒரு பெரியவர் கேட்கும் ரகசியம் தப்பு என்று சொல்லுங்கள். வீட்டில் இல்லாத நம்பகமான இன்னொரு பெரியவர் யார் என்று பிள்ளையையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘நீ என்ன சொன்னாலும் உன்னைத் திட்ட மாட்டேன், விளையாட்டை நிறுத்தவும் மாட்டேன்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதில் வைத்திருந்தால் பிள்ளைக்குத் தெரியாது.

ஆறாம் படி: உடல் தாங்கும் அளவு

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், விதிகள் தெளிவாக இருப்பதால். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வு வேண்டும், வருடத்தில் மொத்தம் மூன்று மாதமாவது அந்த விளையாட்டிலிருந்து விலகியிருக்க வேண்டும், ஒரே விளையாட்டில் முழுமூச்சாக இறங்குவதைப் பெரும்பாலானவற்றில் 15, 16 வயது வரை தள்ளிப்போடலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016-ல் பரிந்துரைத்தது. தலையில் அடிபட்டுக் குழப்பம், தலைசுற்றல், தலைவலி இருந்தால் அன்று மறுபடி களத்தில் இறங்கவே கூடாது; மருத்துவர் பார்த்த பிறகு படிப்படியாகத்தான் திரும்ப வேண்டும். வாந்தி தொடர்ந்தாலோ, வலிப்பு வந்தாலோ, தூக்கக் கலக்கம் கூடிக்கொண்டே போனாலோ உடனே ஆம்புலன்ஸ்.

எடை விஷயத்தில் பெண் பிள்ளைகளைக் குறிப்பாகக் கவனியுங்கள். கடும் பயிற்சியில் மாதவிடாய் நின்றுபோவதை ‘வீராங்கனைகளுக்கு சகஜம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உடலுக்குப் போதிய உணவு கிடைக்கவில்லை என்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். எலும்பில் விரிசல் விழும்வரை கொண்டுபோய்விடும்.

ஏழாம் படி: அறிகுறிகள்

விரும்பிப் போன பிள்ளை பயிற்சி நாளில் மட்டும் வயிற்றுவலி என்கிறது. வழக்கமாக ஐந்து மணிக்கே பையைக் கட்டி வாசலில் வைப்பவள் இப்போது ஷூ லேஸைக் கட்டி அவிழ்த்து, கட்டி அவிழ்த்து நேரம் கடத்துகிறாள். போன் ஒலித்தால் கவிழ்த்து வைக்கிறாள். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத பொருள் பையில் இருக்கிறது. தூக்கம் கெடுகிறது, சாப்பாடு குறைகிறது, படுக்கையை நனைக்கிறது, உடம்பில் கன்றிய தழும்பு. ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். சில சேர்ந்து வந்தால், திடீரென்று வந்தால், பக்கத்தில் உட்காருங்கள். மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளிடம் இவற்றைக் குறைபாட்டின் விளைவு என்று தள்ளிவிடும் ஆபத்து அதிகம். உடைமாற்றவும் குளிக்கவும் பிறர் உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்.

எட்டாம் படி: பிள்ளை சொல்லிவிட்டால்

உங்கள் முகம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோபம் வரும், கை நடுங்கும். பிள்ளை அதைத் தன்மேல் வந்த கோபம் என்று எடுத்துக்கொள்ளும். சொல்ல வேண்டியது மூன்றே விஷயம்: உன்னை நம்புகிறேன், இது உன் தப்பில்லை, சொன்னது நல்லது. ‘ஏன் முதலிலேயே சொல்லவில்லை?’ என்று கேட்காதீர்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்கும் கொடுக்காதீர்கள், அதைக் காப்பாற்ற முடியாது. ‘உன்னைப் பாதுகாக்க ஒன்றிரண்டு பேரிடம் சொல்ல வேண்டியிருக்கும், யாரிடம் என்று உனக்குச் சொல்லிவிட்டே செய்வேன்’ என்பது நேர்மையான பதில்.

துருவித் துருவிக் கேட்பது விசாரணையைக் கெடுக்கும். ‘அங்கே தொட்டாரா?’ என்று நீங்களே பதிலை வாயில் வைக்காதீர்கள். ‘அப்புறம் என்ன நடந்தது?’ என்று கேட்டால் போதும். பிள்ளை பேசி முடித்ததும் தேதி, நேரம் போட்டு எழுதி வையுங்கள். பிள்ளை சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். ‘செவ்வாய் மாலை 6.30. வண்டியில் வரும்போது அவளாகவே சொன்னாள்: “சார் ஸ்டோர் ரூம் கதவை மூடிட்டு காலை அமுக்கினார், நிறுத்துங்கன்னு சொன்னேன், கேட்கல.” நான் கேட்டது: அப்புறம் என்ன நடந்தது?’ இப்படி இருந்தால் போதும். உங்கள் ஊகம் எதையும் அதில் கலக்க வேண்டாம். செய்திகளையும் படங்களையும் அழிக்காதீர்கள். அண்மையில் பாலியல் வன்முறை நடந்திருந்தால் குளிப்பாட்டாமல், உடையைத் துவைக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

சம்பந்தப்பட்டவரைத் தேடிப்போய்ச் சட்டையைப் பிடிக்காதீர்கள். ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் அவருக்கு ஆதாரத்தை அழிக்கவும் மற்ற பிள்ளைகளின் வாயை அடைக்கவும் அது நேரம் கொடுத்துவிடும்.

ஒன்பதாம் படி: புகார்

குற்றம் என்று தோன்றினால் நேராகக் காவல்துறைக்கோ குழந்தை நல அமைப்புக்கோ போங்கள். கிளப்பிடம் மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருக்காதீர்கள். குழந்தைகளுக்கான உதவி எண் இந்தியாவில் 1098, இலங்கையில் 1929, பிரிட்டனில் 0800 1111. பல நாடுகளில் குழந்தைமீதான பாலியல் குற்றம் தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். இந்தியாவின் 2012 போக்சோ சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. கோச், நிர்வாகி, சக பெற்றோர் யாருக்கும் விலக்கில்லை.

குற்றம் என்ற அளவுக்குப் போகாத, ஆனால் உறுத்துகிற விஷயமானால் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள், பெற்றதாகக் கையெழுத்தோ பதில் மின்னஞ்சலோ வாங்குங்கள். ஒரு வாரத்தில் அசைவில்லை என்றால் மேலுள்ள சங்கத்துக்குப் போங்கள். ‘போட்டி முடியட்டும்’, ‘கிளப் பெயர் கெட்டுவிடும்’, ‘அவருக்கும் குடும்பம் இருக்கிறது’ என்பார்கள். மற்ற பெற்றோரே உங்களை ஒதுக்கலாம். அதற்கு மனதைத் தயார்செய்துகொண்டு போங்கள்.

கிளப் நடத்துபவர்களுக்கு

மேலே சொன்ன விதிகளை ஒரே பக்கத்தில் எழுதி, பிள்ளைகளுக்குப் புரியும் மொழியில் சுவரில் ஒட்டுங்கள். புகார் வந்ததும் விசாரணை முடியும்வரை அந்த நபரைப் பிள்ளைகளிடமிருந்து விலக்கி வையுங்கள். இது தீர்ப்பு ஆகாது, முன்னெச்சரிக்கை என்று அவரிடமும் சொல்லுங்கள். குற்றமாக இருக்கக்கூடியதை நீங்களே விசாரிக்கத் தொடங்காதீர்கள். சின்னச் சின்ன உறுத்தல்களையும் ஒரு பதிவேட்டில் எழுதி வையுங்கள். தனித்தனியே அற்பமாகத் தெரிபவை ஒரே பெயருக்கு எதிரே ஐந்தாறு சேரும்போதுதான் உருவம் புலப்படும். ராஜினாமா வாங்கிக்கொண்டு நற்சான்றிதழ் கொடுத்து அனுப்புவது மட்டும் வேண்டாம். அடுத்த ஊரில் இன்னொரு பிள்ளைக்கு நடப்பதற்கு நீங்களும் பொறுப்பாவீர்கள்.

புகாருக்குப் பிறகு

வழக்கு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இழுக்கலாம். அதுவரை பிள்ளைக்கு உளநல ஆலோசகர் துணை இருக்கட்டும், உங்களுக்கும் ஒருவர் இருக்கட்டும். பலர் செய்வது, பாதுகாப்புக்காக என்று சொல்லி விளையாட்டை உடனே நிறுத்திவிடுவது. பிள்ளைக்கு அது தண்டனையாகவே தெரியும்: சொன்னதால்தான் எல்லாம் போயிற்று என்று. விளையாட வேண்டுமா, எங்கே, எப்போது என்று அவளையே, அவனையே கேளுங்கள். வேறு கிளப் வேண்டும் என்றால் தேடுங்கள், வேறு விளையாட்டு என்றால் அதுவும் சரி, கொஞ்ச நாள் எதுவும் வேண்டாம் என்றாலும் சரி. புதிய இடத்தில் சேர்ப்பதானால் இரண்டாம் படியில் சொன்ன கேள்விகளை அங்கே பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டே கேளுங்கள்.